கடலுக்குப் போனவளும் ஆற்றோடு நின்றவனும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொஞ்சம் பொறுமையோடு கரையில் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்கலாம். முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் நெல்லிக்காய் அளவிலும் எலுமிச்சை அளவிலும் கூழாங்கற்கள். முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. கற்கள் புரள்கின்றன, கிளம்புகிற மண்ணை நீரோட்டம் கொண்டுபோகிறது. பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவில் ஓர் ஆண் மீன், உடம்போரம் சிவப்புப் பட்டையோடு, கிட்டே வருகிற மற்ற ஆண்களைத் துரத்தியபடி நிற்கிறது. குழி தயாரானதும் இரண்டும் அருகருகே வந்து உடம்பை நடுக்கி முட்டையையும் விந்தையும் விடுகின்றன. சில விநாடிகள்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு கல் மறைவிலிருந்து ஓர் அடி நீளம்கூட இல்லாத சின்ன மீன் ஒன்று பாய்ந்து வந்து, தன் விந்தையும் கலந்துவிட்டு ஓடிவிடுகிறது. பெரிய ஆண் திரும்புவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

பெரிய மீன்கள் இரண்டும் ஸ்டீல்ஹெட். ஓடிவிட்ட சின்ன மீன் ரெயின்போ ட்ரவுட். தூண்டில்காரர்களின் உலகத்தில் இவை இரண்டும் வேறு வேறு மீன்கள். கம்பு வேறு, முறை வேறு, பருவம் வேறு. பல மாநிலங்களில் ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனி அனுமதியோ பதிவு அட்டையோ வாங்கவேண்டும். ஆனால் உயிரியல் கணக்கில் இரண்டும் ஒரே இனம், ஆங்கோரிங்கஸ் மைக்கிஸ். ஒரே குழியில் இட்ட முட்டைகளிலிருந்து வந்த அண்ணன் தங்கைகளில் ஒன்று கடலுக்குப் போய் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பலாம், இன்னொன்று பிறந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் ட்ரவுட்டாகவே இருந்து முடிக்கலாம்.

அறிவியலுக்கே இது விளங்க நாளானது. 1792இல் வால்பாம் என்ற ஜெர்மானியர் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கம்சட்காவின் மீனுக்கு ஒரு பெயர் வைத்தார். 1836இல் ரிச்சர்ட்சன் கொலம்பியா ஆற்றில் கடலிலிருந்து வந்த மீனுக்கு வேறொரு பெயர் வைத்தார். 1855இல் கலிஃபோர்னியாவின் சின்ன மீனுக்கு கிப்பன்ஸ் இன்னொன்று வைத்தார். எல்லாம் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டு, பசிபிக் சால்மன்களின் பேரினத்தில் சேர்த்து, இன்றைய பெயரை நிலைநிறுத்தியது 1989இல்தான். பெயரேட்டில் ஒன்றாகிவிட்டன. ஆனால் அணை கட்டுகிறவர்களும் சட்டம் எழுதுகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களில் பாதிப் பேரும் இன்னும் இரண்டாகத்தான் நினைக்கிறார்கள். ஸ்டீல்ஹெட் இன்று பல ஆறுகளில் அருகிப்போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கடலிலிருந்து வருகிற பெரிய மீனைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது மேல்மலை ஓடையில் கிடக்கும் சின்ன ட்ரவுட்டைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன்.

குஞ்சு கூழாங்கல் இடுக்கைவிட்டு வெளியே வரும்போது விரற்கடை நீளம்தான் இருக்கும். பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள், குளிர் அதிகமான வடக்கு ஆறுகளில் அதற்கும் மேலே, ஆற்றிலேயே வளர்கிறது. அந்தப் பருவத்தில் எல்லாக் குஞ்சுகளுக்கும் விலாவில் வரிசையாகக் கருமையான நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும். எது போகும், எது நிற்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு வசந்தத்தில் பிரிகின்றன. போகிற குஞ்சின் புள்ளிகள் மறைந்து உடம்பு வெள்ளியாகிறது, மெலிந்து நீள்கிறது. அதுவரை தண்ணீரிலிருந்து உப்பை இழுத்து உடம்பில் சேர்த்துவந்த செவுள், இனி உப்பை வெளியே தள்ளுவதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறந்த நாளிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்ற மீன் இப்போது ஓட்டத்தோடு போக விடுகிறது, பெரும்பாலும் இரவில். போகிற வழியில் தன் ஓடையின் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்கிறது. திரும்பி வருவதற்கு அதுதான் வழிகாட்டி.

எது முடிவு செய்கிறது? வளர்ச்சி, உடம்பில் சேர்ந்த கொழுப்பு, தண்ணீரின் குளிர், உணவு, இவற்றோடு பரம்பரையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதில் ஆண் பெண் வித்தியாசம் முக்கியமானது. ஆண் மீன் சின்னதாக இருந்தாலும் மேலே சொன்னதுபோல் ஓடிவந்து கலந்துவிட்டுப் போகலாம். பெண்ணுக்கு அந்த வழி இல்லை, அதன் முட்டைக் கணக்கு உடம்பின் அளவோடு கட்டுண்டது. ஆற்றிலேயே வளர்ந்த ஓரடிப் பெண் ஆயிரம் முட்டை இட்டால் அதிகம். கடலுக்குப் போய் வந்த பெண் நாலாயிரம், ஐயாயிரம் இடும். அதனால் கடலுக்குப் போகிறவற்றில் பெண்களே அதிகம், ஆற்றோடு நிற்பவற்றில் ஆண்களே அதிகம். இதன் மரபணு அடையாளத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்தாவது குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு சில மீன்களில் தலைகீழாகத் திரும்பி இருக்கிறது. போகச் சொல்லும் வடிவம் ஒன்றும் நிற்கச் சொல்லும் வடிவம் ஒன்றுமாகக் கலந்து பெற்ற மீன் ஆணாக இருந்தால் நிற்பதற்கும், பெண்ணாக இருந்தால் போவதற்கும் சாய்கிறது. ஒரே மரபுத் துண்டு அண்ணனிடம் ஒரு மாதிரி, தங்கையிடம் வேறு மாதிரி வேலை செய்கிறது.

ஒரு மீனின் தாய் கடலுக்குப் போனவளா இல்லையா என்பதைக்கூட மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லிலிருந்து படிக்க முடியும். அந்தக் கல் மரத்தின் உள்வளையங்கள் போல அடுக்கடுக்காக வளர்கிறது. கடல் நீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம். தாய் கடலில் இருந்தபோது உருவான முட்டையில் அந்தத் தனிமம் கூடியிருக்கும், அது குஞ்சின் காதுக்கல்லின் நடுமையத்தில் பதிந்துவிடும். இப்படிப் பார்த்ததில் ஒவ்வோர் ஆறும் ஒவ்வொரு கதை சொன்னது. ஓரிகனின் டெஷூட்ஸ் ஆற்றில் பார்த்த மீன்களில் இரண்டு கிளைகளும் தனித்தனியாகவே இருந்தன. கனடாவின் பாபின் ஆற்றில் ட்ரவுட் தாய்க்குப் பிறந்த ஸ்டீல்ஹெட்டும் இருந்தது, ஸ்டீல்ஹெட் தாய்க்குப் பிறந்த ட்ரவுட்டும் இருந்தது. எனவே எல்லா ஆற்றிலும் தாராளமாகக் கலக்கின்றன என்று சொல்லிவிடக் கூடாது. கதவு சில ஆறுகளில் திறந்தே இருக்கிறது, சில ஆறுகளில் சாத்தியிருக்கிறது.

கடலுக்குப் போனவை கரையோரம் சுற்றாமல் நேராக வட பசிபிக்கின் நடுவுக்குப் போய்விடுகின்றன. ஒன்று முதல் மூன்று ஆண்டு தின்று கொழுத்து, பல கிலோ எடையோடு திரும்புகின்றன. குளிர்காலத்தில் வருபவை சினை முற்றி வந்து சில வாரங்களில், சில மாதங்களில் முட்டையிடுகின்றன. கோடையில் வருபவை முற்றாமலே ஆற்றில் ஏறி, ஆழமான மடுக்களில் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த வசந்தத்தில் இடுகின்றன. குறிப்பிட்ட நீர்மட்டத்தில் மட்டும் தாண்ட முடிகிற அருவிகளுக்கு மேலே இருக்கும் ஓடைகளைப் பிடிக்க இந்த முன்கூட்டி வருகை உதவுகிறது. மற்ற பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு பங்கு, பெரும்பாலும் பெண்கள், இளைத்துக் களைத்துக் கடலுக்கு இறங்கி இன்னொரு முறை வரும்.

இனி தூண்டிலுக்கு வருவோம். இங்கேதான் ஒரே மீனின் இரண்டு வாழ்க்கையும் கையில் தெரியும்.

ஆற்று ட்ரவுட்டைப் பிடிப்பது அதன் பசியைப் புரிந்துகொள்வது. வேகமான நீரும் மந்தமான நீரும் உரசுகிற இடத்தில் ஒரு கோடு தெரியும், நுரையும் இலைச் சருகும் அந்தக் கோட்டில்தான் போகும். மீன் மந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேகப் பக்கம் கொண்டுவருவதை எட்டி எட்டி எடுக்கும். குறைந்த உழைப்பு, நிறைந்த சாப்பாடு. அது தின்பது பெரும்பாலும் மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை ஆகிய நீர்ப்பூச்சிகள். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடியில் மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டிக் கட்டிய சின்னக் குழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கேடிஸ் புழு. அந்தப் பூச்சிகளைப் போல இறகாலும் நூலாலும் கட்டிய தூண்டில் முள்ளை மிதக்கவிடுவதுதான் ஃப்ளை முறை. இதில் உயிர்நாடியான ஒன்று உண்டு. உண்மையான பூச்சி தண்ணீர் போகிற வேகத்தில்தான் போகும். நடுவில் இருக்கும் வேக ஓட்டம் நம் நூலை இழுத்து, பூச்சி தண்ணீரைக் கீறிக்கொண்டு போனால் ட்ரவுட் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் ட்ரவுட்காரர் மீனுக்குக் கீழே நின்று மேல்நோக்கி வீசுகிறார், நூல் தளர்ந்து தானாக வரட்டும் என்று.

ஸ்டீல்ஹெட்டுக்கு இதெல்லாம் தலைகீழ். ஆற்றில் ஏறிய ஸ்டீல்ஹெட் அநேகமாகச் சாப்பிடுவதில்லை, கடலில் சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளுகிறது. பசியில்லாத மீனை எப்படிக் கூப்பிடுவது? பதின்மூன்று, பதினான்கு அடி நீளமுள்ள, இரண்டு கையாலும் பிடிக்கும் கம்பு. தொடைவரை நீரில் இறங்கி நின்று, எதிர்க்கரையைப் பார்த்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாக வீச வேண்டும். விழுந்ததும் கம்பை உயர்த்தி நூலின் வயிற்றை, அதாவது வளைந்து கிடக்கும் நடுப்பகுதியை, ஒருமுறை மேல்பக்கம் எடுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் பூச்சியைத் தறிகெட்டு இழுத்துவிடும். பிறகு எதுவும் செய்யக் கூடாது. நூல் இறுகி, பூச்சி ஆற்றின் குறுக்கே ஒரு வில்லாக வளைந்து, மெதுவாக நம் கரைப் பக்கம் வந்து, நேர்கீழே நின்று தொங்கும். அங்கே கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு மூன்று எட்டு கீழே நகர்ந்து, மறுபடி அதே வீச்சு. இப்படி மடுவின் தலையிலிருந்து வால்வரை நடப்பதுதான் வேலை. நல்ல இடம் பெரும்பாலும் வால்பகுதியில் இருக்கும். ஆழம் குறைந்து, அடியில் மேசை அளவுப் பாறைகள் கிடந்து, மனிதர் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வழுக்கிப் போகிற இடம். கீழே இருக்கும் பாய்ச்சலை ஏறிவந்த மீன் அங்கே இளைப்பாறும்.

பல நாள் ஒன்றும் நடக்காது. நடக்கும்போது நூலில் ஒரு இழுப்பு. இந்த நேரத்தில் ட்ரவுட்டுக்குச் செய்வதுபோல் கம்பை வெடுக்கென்று தூக்கினால் போச்சு. மீன் பூச்சியை வாயில் வாங்கித் தன் இடத்துக்குத் திரும்பும்வரை கையைக் கட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் முள் வாயோரம் ஏறும். இதைக் கற்றுக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை, தக்கை கட்டிச் சினைமுட்டையை இறக்குகிறவர்களும், தகட்டுத் தூண்டில் வீசுகிறவர்களும், படகில் மிதந்துகொண்டே பிடிப்பவர்களும் இதைவிட அதிக மீன் பார்ப்பார்கள்.

பசியில்லாத மீன் ஏன் வாய் திறக்கிறது என்பதற்கு முடிவான விடை இல்லை. கோபம் என்கிறார்கள், எல்லை காக்கும் குணம் என்கிறார்கள். எனக்கு மனதில் நிற்கும் விளக்கம் வேறு. அந்த மீன் கடலுக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டு இதே ஆற்றில் ட்ரவுட்டாக வாழ்ந்தது. குறுக்கே போகிற பூச்சியைப் பாய்ந்து எடுத்துத்தான் உயிர் பிழைத்தது. அந்தப் பழக்கம் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஸ்டீல்ஹெட்காரர் தூண்டில் போடுவது, எட்டு கிலோ மீனுக்குள் இன்னும் இருக்கிற அந்தச் சின்ன ட்ரவுட்டுக்கு.

தண்ணீரைப் படிக்கும் வித்தையும் உண்டு. மழை பெய்து ஆறு பெருகிக் கலங்கினால் மீன் நகரும், தூண்டிலுக்கு வராது. மட்டம் இறங்கி, கலங்கல் தெளிந்து, பச்சை நிறமாகி, மூன்று நாலு அடி ஆழம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதுதான் பழக்கப்பட்டவர்கள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். தண்ணீர் நாலு டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் மீன் சோம்பிவிடும், பூச்சியை அதன் மூக்கருகே மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். எட்டிலிருந்து பதின்மூன்று டிகிரிவரை துடிப்பாக இருக்கும். இருபதைத் தொட்டுவிட்டால் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீனுக்கு மூச்சுத் திணறும். அப்போது பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அந்த வெயிலில் தூண்டில் போடாமல் இருப்பதே நாகரிகம்.

இதற்கு நல்ல உதாரணம் ஓரிகனின் நார்த் அம்ப்குவா. அதில் வந்து சேரும் ஸ்டீம்போட் ஓடையில் 1932இலிருந்தே மீன்பிடிக்கத் தடை. கோடையில் நூற்றுக்கணக்கான ஸ்டீல்ஹெட்கள் அங்கே பிக் பெண்ட் என்ற குளிர்ந்த மடுவில் நெருக்கமாகக் கூடி நிற்கும். வெடி வைத்துத் திருடுகிறவர்களிடமிருந்து அவற்றைக் காக்க ஆண்டுக்கணக்கில் ஒருவர் நாயோடு அங்கேயே தங்கிக் காவல் இருந்தார். அவர் தூண்டில் போடும்போது முள்ளின் கூர்முனையை ஒடித்துவிட்டுத்தான் போடுவார், மீன் எழுந்து வந்து எடுப்பதைப் பார்ப்பதே போதும் என்று. அப்படிப்பட்ட ஆற்றிலும் 2021இல் கோடைவரத்து மிக மோசமாகக் குறைந்து, ஆகஸ்டிலிருந்து நவம்பர் முடியும்வரை மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

மீனைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் பார்ப்பது முதுகுக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னச் சதைத் துடுப்பை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது இருந்தால் காட்டு மீன். வெட்டப்பட்டு அந்த இடம் வழுவழுப்பாக ஆறியிருந்தால், தொட்டியில் பொரித்து வளர்த்து அடையாளத்துக்குத் துடுப்பை வெட்டிவிட்ட பொரிப்பகத்து மீன், விதி அனுமதித்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காட்டு மீனை அநேக ஆறுகளில் விட்டுவிடவேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் விடவேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரைவிட்டு முழுதாக வெளியே எடுப்பதே குற்றம். மடியில் ஏந்திப் படம் எடுப்பதற்கு இடமில்லை. நல்ல விதி. எல்லா இடத்திலும் வரவேண்டும்.

பொரிப்பகங்கள் அணைகளுக்கு ஈடாக வந்தவை. ஐடஹோவில் 1973இல் முடிந்த ட்வொர்ஷாக் அணை 717 அடி உயரம். மீன் ஏற வழியே வைக்கவில்லை. கிளியர்வாட்டர் ஆற்றின் வடகிளையில் கடலில் இரண்டு ஆண்டு தங்கிப் பெரிதாகி வருகிற ஒரு தனி ஸ்டீல்ஹெட் கூட்டம் இருந்தது, அதன் பாதை அதோடு அடைபட்டது. பதிலுக்கு அணைக்குக் கீழே ஒரு பெரிய பொரிப்பகம் கட்டினார்கள். எண்ணிக்கை கிடைத்தது. ஆனால் எந்த மாதிரி மீன்? ஓரிகனின் ஹூட் ஆற்றில் தலைமுறை தலைமுறையாக மீன்களின் மரபணுவைப் பதிவு செய்து, 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தொட்டியில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த மீன் காட்டு ஆற்றில் வாரிசு விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. தொட்டியில் பிழைக்கத் தெரிந்தது ஆற்றில் பிழைக்கத் தெரிவதில்லை. அங்கே வளரும் குஞ்சுகள் பெரும்பாலும் ஒரே ஆண்டில் கடலுக்குக் கிளம்பும்படி தீனி போட்டு வளர்க்கப்படுகின்றன. நிற்பதா போவதா என்று ஆறு கேட்கும் கேள்வியே அவற்றிடம் கேட்கப்படுவதில்லை.

இப்போது எல்வா ஆற்றுக்குப் போவோம். வாஷிங்டனின் ஒலிம்பிக் மலைகளிலிருந்து வடக்கே பாய்ந்து கடலில் கலக்கும் 72 கிலோமீட்டர் ஆறு. பெரும்பகுதி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் மேலே காடு அப்படியே இருக்கிறது. 1913இல் எல்வா அணையும் 1927இல் கிளைன்ஸ் கேன்யன் அணையும் வந்தன. மீன் அணையைத் தாண்டி ஏற உதவும் மீன்படி இரண்டிலும் கிடையாது. கடல் மீன்களுக்குக் கடைசியில் மிஞ்சியது கீழே எட்டுக் கிலோமீட்டர்தான். ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழ்ந்த எல்வா கிளாலம் பழங்குடி மக்களின் சாப்பாடும் சடங்கும் அதோடு போயின. அவர்களும் மற்றவர்களும் போராடி 1992இல் சட்டம் வந்தது. 2011 செப்டம்பரில் உடைக்கத் தொடங்கி, 2014 ஆகஸ்டில் 210 அடி உயரமான மேலணையின் கடைசித் துண்டும் போனது. அணைகளுக்குப் பின்னால் தேங்கியிருந்த வண்டல் இரண்டு கோடி கன மீட்டர் அளவுக்கு இருந்தது, அதில் பெரும்பகுதியை ஆறு கடலுக்குத் தள்ளி முகத்துவாரத்தில் புதிய கரையையே கட்டியது.

கோடைக்கால ஸ்டீல்ஹெட் அந்த ஆற்றில் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைப் பொரிப்பகத்தில் வளர்த்து விடும் திட்டமும் இல்லை. ஆனால் அணை போன சில ஆண்டுகளில், முகமூடி போட்டு ஆற்றில் மிதந்து மீன் எண்ணியவர்கள் மேல் ஆற்றின் மடுக்களில் கோடை ஸ்டீல்ஹெட்டைப் பார்த்தார்கள். முதலில் சில, பிறகு நூற்றுக்கணக்கில். எங்கிருந்து வந்தன? மரபணுவைப் பார்த்தபோது விடை கிடைத்தது. முன்கூட்டி ஆற்றில் ஏறும் குணத்தோடு தொடர்புடைய மரபுத் துண்டு, அணைகளுக்கு மேலே நூறு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த ரெயின்போ ட்ரவுட்களுக்குள் அழியாமல் இருந்தது. வழி திறந்ததும் அவற்றின் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின, ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த நூறு ஆண்டில், கடல் ஆசை வந்து அணையைத் தாண்டிக் கீழே விழுந்த ஒவ்வொரு குஞ்சும் திரும்ப மேலே வர முடியாமல் போனது. அதாவது போகும் குணத்தை அணை தலைமுறைதோறும் வடிகட்டி வெளியே எறிந்துகொண்டே இருந்தது. அப்படியும் அந்தக் குணம் முழுதாகப் போய்விடவில்லை. மேலே இருந்த ட்ரவுட்டை, சின்ன மீன்தானே என்று யாராவது அழித்திருந்தாலோ, வேறு ஊர் ட்ரவுட்டைக் கொண்டுவந்து கொட்டி முழுக்கக் கலந்திருந்தாலோ எல்வாவின் கோடை ஸ்டீல்ஹெட் திரும்பியிருக்காது.

இந்தப் பாடத்தைச் சட்டம் இன்னும் சரியாக ஏற்கவில்லை. அமெரிக்காவில் கடல் மீனைப் பார்ப்பது ஒரு துறை, ஆற்று மீனைப் பார்ப்பது இன்னொரு துறை. 1997இலிருந்து பல ஆறுகளின் ஸ்டீல்ஹெட் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2006இல் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது, கடலுக்குப் போகும் மீனுக்கு மட்டும் பாதுகாப்பு என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே ஓடையில் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் காவல், மற்றதற்கு அது இல்லை. நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினை இது, மீனுக்குப் பொருந்தாது. கலிஃபோர்னியா மாநிலம் 2024 ஏப்ரலில் இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது. தென் கலிஃபோர்னியா ஸ்டீல்ஹெட்டைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, தடைகளுக்குக் கீழே வாழும் ஆற்று ட்ரவுட்டையும் அதே பாதுகாப்பில் கொண்டுவந்தது. அங்கே சில ஓடைகளில் கடல் மீன் வருவது கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான், மிச்சமிருக்கும் உயிர்ப்பெல்லாம் ட்ரவுட்டிடம்தான். ஆனால் அணைகளுக்கு மேலே சிக்கியவை அந்தப் பட்டியலிலும் வெளியேதான் நிற்கின்றன.

கனடா நிலைமை இன்னும் வருத்தம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தாம்சன் ஆற்று ஸ்டீல்ஹெட்டின் வலிமைக்கு உலகெங்கும் பேர். 2018இல் அறிவியல் குழு அதை உடனடி அழிவு அபாயத்தில் இருப்பதாக அறிவித்தது. மறு ஆண்டு கூட்டாட்சி அரசு பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது. தாம்சன் போய்ச் சேரும் ஃப்ரேசர் ஆற்றின் கழிமுகத்திலும் கடலோரத்திலும் சால்மனுக்குப் போடும் வலையில் இதுவும் சேர்ந்து மாட்டுகிறது என்பது தெரிந்தே நடந்த மறுப்பு அது.

மறுபக்கம், இந்த மீன் வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்யும் என்பதற்கு அர்ஜென்டினாவில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. படகோனியாவின் சாந்தா க்ரூஸ் ஆற்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு கண்டத்திலிருந்து ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவற்றில் ஒரு பகுதி அட்லான்டிக் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கிவிட்டது. 2001இல் அது பதிவானது. வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில் 1870களிலிருந்து விடப்பட்ட கலிஃபோர்னிய மீன்கள் ஏரியையே கடலாக எடுத்துக்கொண்டு, வசந்தத்தில் ஓடைகளில் ஏறி முட்டையிடுகின்றன. நியூஸிலாந்தின் தாவ்போ ஏரியிலிருந்து டோங்காரிரோ ஆற்றில் குளிர்காலத்தில் ஏறுபவையும் இதே வம்சம்தான்.

நம் பக்கமும் இந்த மீன் உண்டு. நீலகிரியில் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் முயற்சியால் அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் பண்ணை வந்தது. மூணாறின் மேட்டிலும், இலங்கையில் நுவரெலியா, ஹோர்டன் சமவெளி ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்து ட்ரவுட் இருந்தது. இவை கடல் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. மலையடிவாரத்துக்கு வருவதற்குள் சூடான தண்ணீர் கொன்றுவிடும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே வில்சன் கொள்ளிடத்தின் கீழணையில், கடலிலிருந்து ஆறேறி வரும் உல்லம் மீனின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றவர். வெளியூர் மீனுக்கு நம் மலையில் இடம் தேடியபடியே, நம் ஆற்றில் ஏறமுடியாமல் தவித்த நம் மீனுக்கும் வழி தேடியிருக்கிறார். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் உல்லம் மேலே ஏறும் கதை முடிந்தது. உல்லத்துக்கு எல்வாவின் ட்ரவுட் போல மேலே ஒளித்துவைத்த மிச்சம் எதுவும் இல்லை.

எல்வாவில் நடந்தது மறுபடி நடக்குமா என்று பார்க்க அடுத்த இடம் கிளமத் ஆறு. கலிஃபோர்னியா, ஓரிகன் எல்லையில் நாலு அணைகளை இடித்து 2024இல் முடித்தார்கள். யூரோக், கரூக் உள்ளிட்ட பழங்குடிகள் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டு வாங்கியது அது. அந்த இலையுதிர் காலத்திலேயே சினூக் சால்மன்கள் பழைய அணை இருந்த இடங்களைத் தாண்டி ஓரிகனுக்குள் ஏறிவிட்டன. அணைகளுக்கு மேலே, மேல்கிளமத் ஏரியிலும் அதில் சேரும் ஓடைகளிலும் ரெட்பேண்ட் என்று அழைக்கப்படும் ரெயின்போ ட்ரவுட் கூட்டம் இருக்கிறது. ஏரித் தீனியில் பெரிதாக வளர்பவை, வெதுவெதுப்பான தண்ணீரையும் ஓரளவு தாங்குபவை. 1918இல் முதல் அணை வந்ததிலிருந்து அவற்றுக்குக் கடலோடு தொடர்பில்லை. ஏரிக்கும் இடிக்கப்பட்ட அணைகளுக்கும் நடுவே கீனோ, லிங்க் ரிவர் என்று இரண்டு சிறிய அணைகள் இன்னும் நிற்கின்றன, இரண்டிலும் மீன்படி உண்டு. கோடையில் ஏரி நீர் பாசி பிடித்துச் சூடாவது ஒரு தடை. அந்த ரெட்பேண்ட்களின் குஞ்சுகளில் எத்தனை கீழே இறங்குகின்றன, இறங்கியவற்றில் எத்தனை வெள்ளி உடம்போடு திரும்புகின்றன என்பது காதுக்கல்லிலும் மரபணுவிலும் வரும் ஆண்டுகளில் தெரியும். கடலில் ஓராண்டு, ஈராண்டு தங்கிவிட்டு வர வேண்டும் என்பதால் இப்போதே கணக்குக் கேட்பது அவசரம். அதுவரை மேலே இருக்கும் அந்தச் சின்ன மீன்களின் ஓடைகளுக்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யவேண்டிய வேலை, அதில் பாதி பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளோடு பேசித் தீர்க்கவேண்டியது.